காகிதத்தில் இல்லாத காண்ட்ராக்டர்

சேரியில் கூரை என்றால் முதலில் ஞாபகத்துக்கு வருவது தீ. 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 பேரை ஒரே குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். ஓலையை எடுத்துவிட்டு ஓடு போட்டுக்கொள்ள வேண்டியதுதானே என்று கேட்கலாம். தீண்டப்படாதவர்கள் ஓட்டுக்கூரை வீடு கட்டுவது குற்றம் என்று ஊர்கள் வைத்திருந்த விதியை அம்பேத்கர் பட்டியல் போட்டு எழுதி வைத்திருக்கிறார். எரியக்கூடிய கூரைக்கடியில்தான் நாம் இருக்க வேண்டும் என்பது ஊரின் சட்டமாகவே இருந்தது. அதனால்தான் காங்கிரீட் கூரை எங்கள் சனங்களுக்குப் பெரிய விஷயம். எங்க ஆயா சாகிறவரை அதை "மெத்தை வூடு" என்றுதான் சொல்லும். சொல்லும்போது குரல் கொஞ்சம் தாழும், கோயிலைப் பற்றிப் பேசுகிற மாதிரி.

மெத்தை வூடு எங்களுக்கும் வந்தது. 1985இல் இந்திரா குடியிருப்புத் திட்டம் தொடங்கியபோது அது தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் விடுவிக்கப்பட்ட கொத்தடிமைகளுக்கும் என்றுதான் ஆரம்பித்தது. எங்கள் தெருவில் தொகுப்பு வீடுகள் வரிசையாக எழும்பின. தீயில் எரியாத கூரை. ஆனால் அதற்குக் கீழே நாங்கள் வெயிலில் வெந்தோம்.

வெந்த கதை வெளியே இருப்பவர்களுக்குச் சொன்னால்தான் தெரியும். வெறும் காங்கிரீட் பலகை காலையிலிருந்து வெயிலைக் குடித்துக்கொண்டே இருக்கும். குடித்ததைப் பொழுது போனபிறகு உள்ளே விடும். வெளியே காற்று ஆறியிருக்கும், வீட்டுக்குள் ராத்திரி 11 மணிக்கு அடுப்பங்கரை மாதிரி இருக்கும். சித்திரை, வைகாசி இரண்டு மாசமும் வடாற்காட்டுப் பக்கத்துக் காலனிகளில் பாய் தெருவில்தான். மாத்திரை சாப்பிடுகிற கிழவியும் தெருவில், பத்தாவது பரீட்சை எழுதிய பொண்ணும் தெருவில். குடித்துவிட்டு வண்டியில் போகிற ஊர்ப் பையன்கள் லைட்டை வேண்டுமென்றே எங்கள் பாய்கள் மேல் அடித்துக்கொண்டு போவான்கள். வயசுப் பெண்ணாக அந்தப் பாயில் படுத்தவள் நான். போர்வையைத் தலைவரைக்கும் இழுத்துக்கொண்டு கிடந்ததால், வெளியே படுத்தும் எனக்குக் காற்று கிடைத்ததில்லை.

எங்கள் வீட்டில் ஒருவர் மட்டும் தெருவுக்கு வர முடியாது. நைனா. சென்னையில் கம்பி கட்டுகிற வேலையில் இருந்தவர், 2011இல் மூன்றாம் மாடி சென்ட்ரிங்கிலிருந்து விழுந்தார். இடுப்பு போனது. அதற்குப்பிறகு கயிற்றுக் கட்டில்தான் அவருக்கு உலகம். அந்தக் கட்டிலை ராத்திரி தெருவுக்குத் தூக்கிப்போய், விடிகாலையில் ஆள் நடமாட்டத்துக்கு முன்னால் தூக்கி வரவேண்டும். "நாலு பேர் தூக்கறதெல்லாம் ஒரு தபாதான், தெனம் வேணாம்" என்று அவரே சொல்லிவிட்டார். உள்ளேயே கிடந்தார். அம்மா ஈரத்துணியை அவர் மார்பில் போட்டு, காயக்காய மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

இதில் கோபம் வருவது எங்கே என்றால், வெயிலை எப்படி வெளியே நிறுத்துவது என்பது யாருக்கும் தெரியாத ரகசியம் இல்லை. ஊர்த்தெருவுக்குத் தெரியும். உயரமான கூரை, எதிரெதிரே ஜன்னல், மெத்தை மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மூன்று இஞ்ச் கனத்துக்கு இடித்த தளம், அதன்மேல் தட்டோடு. அந்தத் தளம் வெயிலை வாங்கித் தன்னிடமே வைத்துக்கொள்ளும், கீழே இருக்கிற காங்கிரீட்டுக்குச் சீக்கிரம் விடாது. மழைத்தண்ணியையும் வாட்டம் பார்த்து வெளியே தள்ளும். அந்தத் தளத்தை இடித்தது யார்? எங்க அம்மா. பதினாலு வயசிலிருந்து சித்தாள் வேலை. பொம்பளைகள் வரிசையாகக் குந்திக்கொண்டு, மரக்கட்டையால் நாள் கணக்கில் தட்டவேண்டும். கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணியைத் தெளித்துத் தெளித்துத் தட்டவேண்டும். ஊர்த்தெருவில் குளுகுளுவென்று இருக்கிற வீடுகளில் பாதி எங்கள் தெருப் பெண்கள் கை காய்த்து இடித்தவை. இடித்து முடித்தபிறகு அந்தக் கூரைக்குக் கீழே போய் ஒரு நிமிஷம் நிற்கக்கூட அவர்களுக்கு வழியில்லை.

2018இல் அம்மா பேருக்கு வீடு அனுமதியானது. இந்திரா பேரில் இருந்த திட்டம் 2016இல் பிரதமர் பேருக்கு மாறியிருந்தது. சமவெளிப் பகுதிக்கு வீட்டுக்கு 1,20,000 ரூபாய், கூரைக்கென்று மாநில அரசு தனியாகச் சேர்த்துத் தருகிற பணம், நூறு நாள் வேலைத் திட்டத்தில் 90 நாள் கூலி. பணம் பயனாளியின் வங்கிக் கணக்குக்கே கட்டம் கட்டமாக வரும். இந்தத் திட்டத்தில் ஒரு நல்ல விதி இருக்கிறது. வீட்டைப் பயனாளியே கட்டிக்கொள்ள வேண்டும், அல்லது தன் மேற்பார்வையில் கட்டவைக்க வேண்டும். ஒப்பந்தக்காரரை உள்ளே விடக்கூடாது. பழைய இந்திரா திட்டத்திலும் இதே விதி இருந்தது. எங்கள் உழைப்பையும் பணத்தையும் இடையில் ஒருத்தன் தின்னக்கூடாது என்பதற்கான விதி.

விதி காகிதத்தில் இருந்தது. எங்கள் தெருவில் காண்ட்ராக்டர் இருந்தார். ஊர்த்தெருக்காரர். செங்கல் சூளை அவருடைய சொந்தக்காரருடையது, மணல் வண்டி அவருடையது, ஆபீசில் பேசுகிற வாயும் அவருடையது. அந்த வருஷம் எங்கள் தெருவுக்கு 11 வீடு. அனுமதி வந்த வாரமே வீடு வீடாக வந்தார். "பாஸ்புக்கையும் கார்டையும் குடுத்துடு, சாவிய நான் குடுக்கறேன்" என்பதுதான் அவர் பேச்சு. பத்து வீட்டில் கொடுத்துவிட்டார்கள். கொடுத்தவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. முதல் கட்டப் பணம் வருவதற்கு முன்னால் கடக்கால் எடுத்து மேலே ஏற்றியாக வேண்டும், அதற்குக் கைமுதல் யாரிடம் இருக்கிறது? சிமெண்டு கடன் சொல்ல எங்களுக்கு எந்தக் கடை இருக்கிறது? விதி எழுதினவர்கள் இதை எழுதவில்லை. அந்த இடைவெளியில்தான் காண்ட்ராக்டர் முளைக்கிறார்.

நாங்கள் கார்டைக் கொடுக்கவில்லை. காரணம், எங்களிடம் கொஞ்சம் கைப்பணம் இருந்தது. டவுனில் கோர்ட்டுக்கு எதிரில் இருக்கிற டைப்பிங் கடையில் பத்து வருஷமாக வேலை செய்கிறேன். என் சீட்டுப் பணம், அம்மா சேர்த்தது, எல்லாமாக 90,000. அதை அரசுப் பணத்தோடு போட்டு 300 சதுர அடியில், நைனா படுக்கிற மாதிரி ஒரு வீடு என்று கணக்குப் போட்டோம். ஊர்ப் பகை இல்லாமல் வேலைக்கு வருகிற வேறு மேஸ்திரி கிடைக்கவில்லை. அவரையே கூப்பிட்டோம், ஆனால் ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தால்தான் என்றோம்.

சிரித்தார். "நான் கையெழுத்துப் போடறதா? ஒங்ககிட்டயா?" என்றார். கட்டிட வேலையில் அவர் போடாத கையெழுத்து இல்லை. எங்களிடம் போடுவதுதான் அவருக்குப் பிரச்சினை. கையெழுத்துப் போட்டால் இரண்டு பேரும் ஒரே காகிதத்தில் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வேண்டும். அம்மா அவரை "ஐயா" என்றுதான் கூப்பிடுவாள், அவர் அம்மாவை "ஏம்மே" என்பார், என் அம்மாவுக்கு அவரைவிட எட்டு வயசு அதிகம். காகிதத்தில் "ஏம்மே" என்று எழுத முடியாது. "முதல் நபர், இரண்டாம் நபர்" என்றுதான் எழுத முடியும். 90,000 ரூபாயை விட அவருக்கு மனசில்லை. மூன்றாம் நாள் வந்து போட்டுவிட்டுப் போனார்.

அந்த ஒப்பந்தத்தை 2019 ஜனவரியில் 20 ரூபாய் பத்திரத் தாளில் நானே டைப் அடித்தேன். நைனா கட்டிலில் படுத்துக்கொண்டே சொல்லச்சொல்ல எழுதியது. தரையிலிருந்து கூரை 10 அடி. கிழக்கிலும் மேற்கிலும் எதிரெதிரே ஜன்னல். கூரைப்பலகை 5 இஞ்ச் கனம், 10 எம்எம் கம்பி, கலவை ஒண்ணுக்கு ஒண்ணரைக்கு மூணு. கூரை மேல் மூன்று இஞ்ச் செங்கல் ஜல்லி சுண்ணாம்புத் தளம், தட்டோடு. பணம் நாலு தவணை, ஒவ்வொரு தவணையும் எந்த வேலை முடிந்தபிறகு என்று எதிரிலேயே எழுதியிருந்தது. கடைசித் தவணை 30,000, தட்டோடு முடிந்தபிறகுதான்.

முதல் தகராறு கம்பியில் வந்தது. கூரைக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள். நைனா அம்மாவிடம், கீழே விழுந்து கிடக்கிற துண்டு ஒன்றை எடுத்துவரச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினார். "இது எட்டு" என்றார். பதினாறு வருஷம் கம்பியோடு புழங்கின விரல். ஆனால் விரல் சாட்சி சொன்னால் யார் கேட்பார்கள்? ஒரு மீட்டர் நீளத்துக்கு அளந்து வெட்டி, மளிகைக் கடை எலக்ட்ரானிக் தராசில் வைத்தோம். 10 எம்எம் கம்பி மீட்டருக்குக் கிட்டத்தட்ட 617 கிராம் இருக்கவேண்டும், 8 எம்எம் 395. தராசு 390 காட்டியது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இரும்பைக் காணோம். அடுத்தநாள் காங்கிரீட் போட மிஷின் வந்தபோது அம்மா ஏணி ஏறிப்போய் சென்ட்ரிங் தகடு மேல் உட்கார்ந்துவிட்டாள். "எறங்கும்மே" என்றார். "பத்து எம்எம் கம்பி வந்தா எறங்கறேங்கய்யா" என்றாள். கூச்சல் போடவில்லை. வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மிஷின் வாடகை ஏறிக்கொண்டிருந்தது. மத்தியானத்துக்குமேல் வேறு கம்பி வந்து இறங்கியது.

காங்கிரீட் போட்ட அன்று சாயந்திரம் அம்மா காலிச் சாக்குகளை எண்ணினாள். 22. 300 சதுர அடி, 5 இஞ்ச், எழுதின கலவைக்கு 28 மூட்டைக்குக் குறையாது என்று நைனா கணக்குச் சொல்லியிருந்தார். பக்கப்பலகை பிரித்தபிறகு டேப் வைத்தேன். நாலு இஞ்ச். போட்ட காங்கிரீட்டை இடித்துவிட்டு மறுபடி போடச்சொல்ல முடியாது. எனக்குத் தெரிந்த இன்ஜினியர் தோழர் ஒருவர் வந்து பார்த்து, இந்த அகலத்துக்கு நாலு இஞ்ச் நிற்கும், ஆனால் வெயில் இன்னும் சீக்கிரம் கீழே இறங்கும் என்றார். தேதி போட்டு, அளவு எழுதி, போட்டோ எடுத்து வைத்துக்கொண்டோம். அந்த ஒரு இஞ்ச்சுக்கு உண்டான பணத்தை மூன்றாம் தவணையில் பிடித்துக்கொண்டோம். திட்டினார், ஆனால் வாங்கிக்கொண்டார்.

அடுத்தது ஜன்னல். மேற்குச் சுவரில் ஜன்னலுக்கு விட்டிருந்த சந்தைச் செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள். வேலை முடிந்து சாயந்திரம் வந்து பார்க்கிறேன், சுவர் மூளியாக நிற்கிறது. கேட்டால் காண்ட்ராக்டர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, ரொம்ப நியாயம் மாதிரி சொன்னார்: "பாப்பா, நீ படிச்ச பொண்ணு, புரிஞ்சிக்கோ. அந்தப் பக்கம் அவங்க கழனி. பொம்பளைங்க வந்து போற வரப்பு. ஒங்க ஜன்னலு அங்கத் தொறந்துகினு இருந்தா நல்லாவா இருக்கும்? ஊர்ல சொல்றாங்க."

காற்று மேற்கிலிருந்துதான் வரும். கிழக்கு ஜன்னல் மட்டும் இருந்தால் காற்று உள்ளே வந்து போக வழியில்லை. எந்தக் காற்று எங்கள் வீட்டுக்குள் வரலாம் என்பதையும் ஊர் முடிவு செய்கிறது. அவர்கள் வீட்டுப் பெண்கள் வரப்பில் நடக்கும்போது எங்கள் வீட்டுக்கு ஒரு கண் இருக்கக்கூடாது. எங்கள் பெண்கள் தெருவில் பாய் போட்டுப் படுத்திருக்கும்போது அவர்கள் வீட்டுப் பையன்கள் லைட் அடிக்கலாம்.

கடைசியாக மெத்தைத் தளம். 2019 மே மாதம் கூரை மேல் இழைத்த மாதிரி ஒரு சிமெண்டுப் பூச்சு பூசிவிட்டு, வேலை முடிந்தது என்றார். சுண்ணாம்புத் தளம் எங்கே, தட்டோடு எங்கே என்று கேட்டோம். அப்போதுதான் அவர் மனசில் இருந்தது வெளியே வந்தது. "ஓசி வூட்டுக்கு இன்னாத்துக்கும்மே இவ்ளோ கணக்கு? கவர்மெண்ட்டு சும்மா குடுக்குது. குடுக்கறத வாங்கிக்கினு போவியா!"

இந்த "ஓசி" என்ற சொல்லை நாம் விடக்கூடாது. ஊர்த்தெருக்காரர் வங்கிக் கடனில் வீடு கட்டி, அதில் காண்ட்ராக்டர் கம்பியைக் குறைத்தால் அதற்குப் பேர் மோசடி. சேரி வீட்டில் குறைத்தால் அது மோசடி ஆகாது, ஏனென்றால் அது ஓசி. ஓசியில் வருவதற்கு அளவு கிடையாது, கனம் கிடையாது, ஒப்பந்தம் கிடையாது. கேட்டால் நன்றி கெட்டவள். தலைமுறை தலைமுறையாகக் கூலியைக் குறைத்துக் கொடுத்துச் சேர்த்த சொத்து எல்லாம் உழைப்பால் வந்தது, எங்களுக்கு அரசு தருகிற 1,20,000 மட்டும் ஓசி. இந்தப் பேச்சு காண்ட்ராக்டரோடு நிற்பதில்லை. வீட்டை வந்து பார்த்த அதிகாரியும் அதே சொல்லைக் கொஞ்சம் மரியாதையாகச் சொன்னார்: "இலவச வீட்டுக்கு இது போதாதா?"

அம்மா அன்றைக்குத்தான் கூப்பிடுவதை மாற்றினாள். "காண்ட்ராக்டரே, எழுதனது எழுதனபடி வேணும்" என்றாள். ஐயா போய்விட்டது. அவர் முகத்தில் அடி விழுந்தது அந்த ஒரு சொல்லில்தான், கேட்டதில் இல்லை.

எங்கள் கையில் இரண்டு பிடி இருந்தது. ஒன்று கடைசித் தவணை 30,000. இன்னொன்று போட்டோ. வீடு ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் பயனாளியை வீட்டுக்கு முன்னால் நிறுத்தி, இடம் பதிவாகிற மாதிரி செல்போனில் போட்டோ எடுப்பார்கள். அது ஏறினால்தான் அடுத்த பணம். கடைசிப் போட்டோவுக்கு வந்தபோது அம்மா நிற்க மாட்டேன் என்றாள். "வூடு முடியல சார். முடியாத வூட்டுக்கு முன்னாடி நின்னா நான் பொய் சொன்ன மாரி ஆயிடும்." அடுத்த வீட்டு அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். கார்டைக் கொடுத்திருந்தவள்தான். ஆனால் கார்டைத்தான் கொடுத்திருந்தாள், முகத்தைக் கொடுக்கவில்லையே. அவளும் நிற்க மாட்டேன் என்றாள். அந்த வாரத்தில் ஆறு பெண்கள் மறுத்துவிட்டார்கள். ஆறு வீட்டின் கடைசிப் பணம் நின்றதும் காண்ட்ராக்டர் எங்கள் தெருவுக்குத் தினமும் வர ஆரம்பித்தார்.

சும்மா விடவில்லை. அம்மாவை நடவுக்குக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். எங்கள் பெரியப்பாவே வந்து, "ஏம்மா பகைச்சிக்கற, நாளைக்கு ஒரு சாவுன்னா ஊருகிட்டதான நிக்கணும்" என்றார். நான் வேலை செய்கிற கடை முதலாளிக்கு ஆள் விட்டுச் சொன்னார்கள். அவர் சொன்னதை என்னிடம் சொல்லிவிட்டு, வேலையைப் பார் என்று விட்டுவிட்டார். வேலை கொடுக்காமல் ஒதுக்குவது, ஒதுக்குவேன் என்று மிரட்டுவது இரண்டும் குற்றம் என்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 திருத்தத்தில் சேர்த்திருக்கிறார்கள், 2016 ஜனவரி 26 முதல் அமலில் இருக்கிறது. இதை ஒரு காகிதத்தில் டைப் அடித்துப் பெரியப்பாவிடம் கொடுத்தேன். அவர் அதை ஊரில் யாரிடம் காட்டினாரோ தெரியாது, பேச்சு கொஞ்சம் குறைந்தது.

தேர்தல் முடிந்து கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை மனு நாள் மறுபடி ஆரம்பித்ததும் ஆறு பேரும் போய் மனு கொடுத்தோம். கூடவே தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, எங்கள் தெரு வீடுகளைக் கட்டிய ஒப்பந்தக்காரர் யார், அவருக்கு எந்த அளவில் வேலை கொடுக்கப்பட்டது என்று கேட்டேன். பதில் வந்தது. இந்தத் திட்டத்தில் ஒப்பந்தக்காரர் யாரும் கிடையாது, அனைத்து வீடுகளும் பயனாளிகளால் சொந்தமாகக் கட்டப்பட்டவை.

அந்தப் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். காகிதத்தின்படி 8 எம்எம் கம்பியைக் கொண்டுவந்தது என் அம்மா. ஜன்னலை அடைத்தது என் அம்மா. ஒரு இஞ்ச் காங்கிரீட்டைத் தின்றதும் என் அம்மா. எங்களைக் காப்பாற்ற எழுதின விதியே அவருக்கு மறைவிடமாகிவிட்டது. தெருவில் எல்லோருக்கும் தெரிந்த ஆள் அரசாங்கத்தின் கண்ணில் இல்லவே இல்லை. இல்லாத ஆள்மேல் எப்படி மனு கொடுப்பது? காலனி வீடுகளின் கூரை பெயர்ந்து விழும்போது, அதைக் கட்டின ஆளை எந்த விசாரணையிலும் கண்டுபிடிக்க முடியாமல் போவதற்கு இது ஒன்றே போதும்.

அவர் இருந்தது ஒரே ஒரு காகிதத்தில். நாங்கள் எழுதிய 20 ரூபாய் பத்திரத் தாளில். அதில் அவர் பேர் இருந்தது, கையெழுத்து இருந்தது, ஜன்னலின் திசைவரை இருந்தது. 1993 திருத்தத்திலிருந்து வீடு கட்டித்தருவதும் நுகர்வோர் சட்டத்தில் சேவைதான். கூலி வாங்கிக்கொண்டு எழுதினபடி கட்டவில்லை என்றால் அது சேவைக் குறைபாடு. தராசுச் சீட்டு, அளவு எழுதின நோட்டு, போட்டோக்கள், தகவல் உரிமைப் பதில் எல்லாவற்றின் நகலையும் வைத்து, 15 நாளில் வேலையை முடிக்காவிட்டால் நுகர்வோர் மன்றத்துக்குப் போவோம் என்று பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு நோட்டீஸ் அனுப்பினோம். அட்டை அவர் கையெழுத்தோடு திரும்பி வந்தது. எங்களிடம் அவர் போட்ட இரண்டாவது கையெழுத்து.

அவர் பயந்தது நஷ்டஈட்டுக்கு என்று நான் நினைக்கவில்லை. காண்ட்ராக்டர் கிடையாது என்று அரசு சொன்ன இடத்தில், இதோ இருக்கிறார் என்று ஒரு கேஸ் கட்டு கிளம்பினால், அவரோடு சேர்ந்து சாப்பிட்ட எல்லோருக்கும் சங்கடம். ஆள்மேல் ஆள் வந்தார்கள். கடைசியில் முடிவானது இது: மேற்கு ஜன்னலை அவர் செலவில் உடைத்துத் திறந்து வைப்பது, தளம் போடாததால் கடைசித் தவணை 30,000 அவருக்குக் கிடையாது, அந்தப் பணத்தில் நாங்களே தளம் போட்டுக்கொள்வது. ஜன்னலைத் திறந்த அன்று வரப்பில் ஊர்ச்சனம் பத்துப் பேர் நின்றார்கள். யாரும் எதுவும் பேசவில்லை. அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளேயிருந்து அவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

2020 தை மாதத்தில் தளம் இடித்தோம். செங்கல் ஜல்லி, சுண்ணாம்பு, 550 தட்டோடு, கடுக்காய், வெல்லம் எல்லாமாக 26,000 ஆனது. போட்டோவுக்கு நிற்க மறுத்த ஐந்து பெண்களும் வந்தார்கள். கூலி வாங்கவில்லை. ஏழு நாள் தட்டினோம். அம்மா வாட்டம் பார்த்தாள், நைனா கீழே கட்டிலில் படுத்தபடி சத்தத்தைக் கேட்டே எந்த மூலையில் இன்னும் இடி விழவில்லை என்று குரல் கொடுத்தார். ஊர்த்தெருவுக்கு எத்தனையோ தளம் இடித்த கைகள். தங்களில் ஒருத்தியின் கூரைக்கு இடித்தது அதுதான் முதல் தடவை.

அந்த வருஷம் மே மாதம் ஊரடங்கு. எல்லோரும் வீட்டுக்குள். எங்கள் வீடும் சொர்க்கமாக ஆகிவிடவில்லை. நாலு இஞ்ச் பலகை நாலு இஞ்ச்தான், அதை எந்தக் காகிதத்தாலும் ஐந்தாக்க முடியாது. மத்தியானம் வியர்த்தது. ஆனால் ராத்திரி ஒன்பதுக்கெல்லாம் மேற்கிலிருந்து காற்று உள்ளே வந்தது, நைனா போர்வை கேட்டார். கோடைக்காலத்தில் அவர் போர்வை கேட்டு ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. மற்ற ஐந்து வீட்டில், நிறுத்தின பணத்துக்குக் காண்ட்ராக்டர் ஒப்புக்குக் கொஞ்சம் பூச்சு வேலை செய்துவிட்டுக் கார்டைத் திருப்பிக் கொடுத்தார். அவர்களிடம் எழுதின காகிதம் இல்லை. அந்த வீட்டுக் கூரைகள் இன்றைக்கும் மொட்டையாகத்தான் இருக்கின்றன. சாயந்திரம் குடம் குடமாகத் தண்ணி ஊற்றுகிறார்கள், சுண்ணாம்பு வாங்கி வெள்ளை அடிக்கிறார்கள். வெள்ளை வெயிலைத் திருப்பி அனுப்பும், கொஞ்சம் பலன் உண்டு. தளத்துக்கு ஈடாகாது.

இதை எழுதுவது எங்கள் வீட்டுப் பெருமையைச் சொல்ல அல்ல. 2024 பட்ஜெட்டில் கலைஞரின் கனவு இல்லம் என்று 360 சதுர அடி வீடுகளை அறிவித்தார்கள். இன்னும் ஆயிரம் ஆயிரம் கூரைகள் நம் தெருக்களில் எழும்பும். தோழர்கள் அந்தத் தெருக்களுக்குப் போகும்போது பேசவேண்டியதைப் பேசுங்கள், கூடவே இதையும் சொல்லுங்கள். கார்டையும் பாஸ்புக்கையும் யாரிடமும் கொடுக்கச் சொல்லாதீர்கள். அந்த ஆளைக் காகிதத்துக்குள் கொண்டுவாருங்கள், அரசுக் காகிதத்தில் இல்லையென்றால் நம் காகிதத்தில். தவணையை வேலையோடு கட்டுங்கள், கடைசித் தவணையைக் கூரை மேல் வையுங்கள். கம்பியைத் தராசில் வையுங்கள், சாக்கை எண்ணுங்கள். தகராறு வந்தால் இரண்டு வருஷத்துக்குள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 2019 சட்டம் வந்தபிறகு 5 லட்சம் வரைக்குமான புகாருக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமலும் பேசலாம். தனியாகப் போகாதீர்கள், ஆறு பேராகப் போங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே, அளவு தெரிந்தவர்கள் நாம்தான் என்பதை மறக்காதீர்கள். இந்த நாட்டில் கம்பி கட்டுகிறவன், கலவை சுமக்கிறவள், தளம் இடிக்கிறவள் பெரும்பாலும் நம் வீட்டு ஆள். மற்றவன் வீட்டுக்குச் சரியாகக் கட்டத் தெரிந்த சனத்துக்கு, தன் வீடு தப்பாகக் கட்டப்படுவது தெரியாமலா இருக்கும்? தெரியும். தெரிந்ததைக் கேட்கக்கூடாது என்றுதான் நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

எங்கள் பக்கத்துக் காலனிகளிலிருந்து இப்போது வீடு கட்டுகிறவர்கள் கடக்கால் எடுப்பதற்கு முன்னால் பத்திரத் தாளோடு கடைக்கு வருகிறார்கள். டைப் அடிக்க அவர்களிடம் காசு வாங்குவதில்லை. ஒரு நிபந்தனை மட்டும் வைத்திருக்கிறேன். ஜன்னல் எந்தப் பக்கம் திறக்கும் என்று எழுதாத ஒப்பந்தத்தை நான் அடிப்பதில்லை.